ஒரே காற்று, ஒரே பூஞ்சை. சாவு மட்டும் ஏழைக்கா?

மழைக்காலத்தில் ஓட்டு வீட்டுச் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூத்திருக்கும் பூஞ்சையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஊசிப்போன ரொட்டியில், நனைந்த வைக்கோலில், குப்பைமேட்டில் எல்லாம் அது வளர்கிறது. அதன் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலந்து பறக்கின்றன. நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான வித்துக்களை மூச்சோடு இழுக்கிறோம். மந்திரியும் இழுக்கிறார்; மூட்டை தூக்கும் தொழிலாளியும் இழுக்கிறார். பூஞ்சைக்கு வர்க்க பேதம் தெரியாது.

ஆனால், அந்தப் பூஞ்சை நுரையீரலில் வேர் பிடித்து ஆளைக் கொல்லும்போது மட்டும் வர்க்க பேதம் எப்படியோ வந்து புகுந்துவிடுகிறது. எப்படிப் புகுகிறது? யார் புகுத்துகிறார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்காமல், “அபூர்வமான வியாதி, தலைவிதி” என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல.

காவல் தளர்ந்த கோட்டை

முதலில் வியாதியைப் புரிந்துகொள்வோம். அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து மிகமிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை 300 கூறு போட்டால், ஏறக்குறைய அதில் ஒரு கூறுதான் இருக்கும். ஆகவே மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய்விடுகிறது. அங்கே காவலுக்கு நிற்கும் செல்கள் அதை விழுங்கிச் செரித்துவிடும். தப்பித்தவறி ஒன்றிரண்டு முளைவிட்டாலும், ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் ஓடிவந்து ஒழித்துவிடும். இந்த யுத்தம் நம் மார்புக்குள் தினமும் நடக்கிறது. நமக்குத் தெரிவதேயில்லை.

காவல் தளர்ந்த உடலில் கதை வேறு. வித்து முளைத்து நூல்நூலாக வளர்கிறது. ரத்தக் குழாயைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. அங்கே ரத்தம் உறைகிறது. ரத்த ஓட்டம் நின்றுபோன இடத்தில் சதை சாகிறது. காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம். சாதாரணக் கிருமி மருந்துகளுக்கு இது அசைவதில்லை. “நிமோனியா” என்று எண்ணி ஒரு வாரம் வேறு மருந்து கொடுத்துப் பார்ப்பதற்குள் காரியம் கைமீறிவிடுகிறது.

யாருக்குக் காவல் தளர்கிறது? ரத்தப் புற்றுநோய்க்குக் கடுமையான சிகிச்சை பெறுவோருக்கு வெள்ளை அணுக்கள் அறவே குறைந்துவிடுகின்றன. மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள், உடல் அதை நிராகரிக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை நாள்தோறும் சாப்பிட வேண்டியிருக்கிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுவோர், எச்.ஐ.வி. கிருமி கண்டவர்கள், சர்க்கரை வியாதி கட்டுக்கு அடங்காதவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் உண்டு. ரத்தத்தில் சர்க்கரையும் அமிலமும் ஏறினால் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. மியூகர் வகைப் பூஞ்சைக்கு வேண்டிய இரும்புச்சத்தும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023ல் தெரிவித்தது. ஆகவே இதை ஏதோ ஒருசிலரின் சங்கடம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அஸ்பர்ஜில்லஸும் மியூகரும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மூச்சின் மூலம் ஒட்டிக்கொள்ளும் நோய்கள் அல்ல. நோயாளியைக் கண்டு ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை.

2021ல் நடந்தது என்ன?

கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த 2021ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. “கறுப்புப் பூஞ்சை” என்று பத்திரிகைகள் அலறிய அந்த நாட்களில் மியூகர் பூஞ்சை நோய் நாடெங்கும் பரவிற்று. 2021 ஜூன் 28 வரை 40,845 பேருக்கு இந்த நோய் கண்டதாகவும், அவர்களில் 3,129 பேர் மாண்டதாகவும் மத்திய சர்க்கார் தெரிவித்தது. 34,940 பேர் கொரோனா கண்டவர்கள். 26,187 பேர் சர்க்கரை வியாதிக்காரர்கள். 21,523 பேர் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்கள். பெரும்பாலோருக்கு நோய் மூக்கிலும் கண்ணிலும் மூளைப்பக்கமும் தாக்கியது. நுரையீரலைத் தாக்கியது எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் முகம் வீங்கினால் வீட்டிலுள்ளோர் பார்த்துப் பதறுவார்கள். நுரையீரல் அழுகுவதை யார் பார்ப்பது? கொரோனாவே மூச்சைத் திணறவைக்கும் நோய். அதன் மறைவில் பூஞ்சையும் சேர்ந்து தின்றதைக் கண்டறிய, படம் எடுக்கும் யந்திரமும், நுரையீரலுக்குள் குழாய் விட்டுச் சளி எடுக்கும் வசதியும் வேண்டும். எத்தனை ஜில்லா ஆஸ்பத்திரிகளில் அவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன?

ஸ்டீராய்டைக் குறை சொல்லுகிறவர்கள் உண்டு. மருந்து கெட்டதல்ல. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான மருந்து, பிராணவாயு தேவைப்படும் கொரோனா நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று இங்கிலாந்தில் நடந்த பெரும் பரிசோதனை 2020 ஜூனில் நிரூபித்தது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்றும் அதே பரிசோதனை சொல்லிற்று. ஆனால் நமது நாட்டில் நடந்தது என்ன? தேவையில்லாதவர்களுக்கும் கொடுத்தார்கள், தேவைக்கு மேலும் கொடுத்தார்கள், சர்க்கரையைப் பார்க்காமலும் கொடுத்தார்கள்.

அதற்காக டாக்டர்களைத் திட்டிவிட்டுப் போய்விடலாமா? வராந்தாவிலும் வாசலிலும் நோயாளிகள் கிடக்க, ஒற்றை டாக்டரும் இரண்டு நர்ஸுகளும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில், ஒவ்வொருவருக்கும் நான்கு வேளை சர்க்கரை பார்ப்பது யார்? ஆஸ்பத்திரிகளில் ஆளைப் போடாமல், பணத்தை ஒதுக்காமல் ஆண்டாண்டுகளாக நடத்திய சிக்கனத்தின் விலையைத்தான் அந்த மே, ஜூன் மாதங்களில் மக்கள் கொடுத்தார்கள்.

ஒரு தொழிலாளியின் கணக்கு

இந்த நோய்க்கு முக்கியமான மருந்து ஆம்போடெரிசின் பி. இதன் பழைய வடிவம் மலிவானது. ஆனால் அது ஏறும்போது நோயாளிக்குக் குளிரும் நடுக்கமும் காணும், சிறுநீரகம் கெடும். அதே மருந்தைக் கொழுப்புத் துகளில் பொதிந்து கொடுக்கும் புதிய வடிவம் சிறுநீரகத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அதற்குத்தான் யானை விலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒரு கட்டடத் தொழிலாளி. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு அவருக்கு 300 மில்லிகிராம் வேண்டும். ஒரு குப்பியில் இருப்பது 50 மில்லிகிராம். ஆக, ஒரு நாளைக்கு 6 குப்பி. குப்பி ஒன்று 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மருந்து 30,000 ரூபாய். மூன்று வாரம் கொடுத்தால் 6,30,000 ரூபாய். மாதம் 25 நாள் வேலை கிடைத்து, நாளொன்றுக்கு 800 ரூபாய் கூலி வாங்கினாலும் அவருடைய மாத வருமானம் 20,000 ரூபாய்தான். ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் இரண்டரை வருஷத்துக்கு மேல் உழைத்தால்தான் மருந்துக் கடன் தீரும்! படுக்கை வாடகை, ஆபரேஷன், ஸ்கேன் எதையும் இதில் சேர்க்கவில்லை.

2021ல் இந்தக் கணக்குக்கும் வழியில்லாமல் போயிற்று. மருந்து கடைகளிலிருந்து மறைந்தது. கள்ளமார்க்கெட் தலைதூக்கிற்று. நோயாளிகளின் உறவினர்கள் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். நிலைமை முற்றிய பிறகு, 2021 ஜூன் 12ல் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்த மருந்தின் மீதிருந்த 5 சதவீத வரியை ரத்து செய்தது. அதற்கும் செப்டம்பர் வரை என்று கெடு வைத்தது. பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. உயிர் காக்கும் மருந்துக்கு வரி போடுவதே தவறு. அந்தத் தவறை நிறுத்துவதற்கும் தவணையா?

“விலைக் கட்டுப்பாடு இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. எப்படிப்பட்ட கட்டுப்பாடு? 1995ஆம் ஆண்டு உத்தரவின்படி, மருந்தை உற்பத்தி செய்ய ஆகும் செலவைக் கணக்கிட்டு விலை நிர்ணயிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு உத்தரவு அதை மாற்றிவிட்டது. மார்க்கெட்டில் கம்பெனிகள் வைத்திருக்கும் விலைகளின் சராசரியை எடுத்து, கடைக்காரரின் லாபத்தையும் சேர்த்து, அதுவே உச்சவரம்பு என்றது. கம்பெனி வைத்த விலையைக் கொண்டு கம்பெனியைக் கட்டுப்படுத்துவது! அதுவும் போதாதென்று, மொத்த விலைக் குறியீட்டெண்ணைக் காட்டி ஆண்டுதோறும் உயர்த்திக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் 10 சதவீதத்துக்கு மேல்; 2023 ஏப்ரலில் 12 சதவீதத்துக்கு மேல். எந்தத் தொழிலாளியின் கூலி இப்படிக் குறியீட்டெண்ணோடு ஓடியது?

தாம்பரம் காட்டிய வழி

“எல்லாம் சரி, இவ்வளவு செலவுள்ள நோயை ஏழை நாட்டில் யாரால் சமாளிக்க முடியும்?” என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு அனுபவத்தைச் சொல்வோம்.

1981 ஜூன் 5ல் அமெரிக்க சர்க்காரின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து வாலிபர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற அபூர்வமான நிமோனியா கண்டிருக்கிறது. இருவர் இறந்துவிட்டனர் என்றது அந்தக் குறிப்பு. எய்ட்ஸ் என்ற பெயரே பிறக்காத காலம். உலகம் எய்ட்ஸை முதலில் அறிந்துகொண்டது இந்த நுரையீரல் நோயின் மூலம்தான். அதை உண்டாக்குவது பூஞ்சை இனம் என்பது 1988ல் உறுதியாயிற்று. ஆனால் இது விசித்திரமான பூஞ்சை. ஆம்போடெரிசின் இதனிடம் பலிக்காது. பலிப்பது எது தெரியுமா? கோ-டிரைமாக்ஸஸோல் என்ற பழைய, மலிவான மாத்திரை! எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தினமும் அதைச் சாப்பிட்டுவந்தால் நோய் வராமலே தடுக்கலாம்.

ஆனால் மூலகாரணமான எய்ட்ஸுக்கு வைத்தியம் செய்யாவிட்டால் என்ன பிரயோஜனம்? அந்த மருந்துகளுக்கு மேலைநாட்டுக் கம்பெனிகள் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தன. 2001ல் இந்தியாவின் சிப்லா கம்பெனி அதே மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. இந்த அதிசயம் எப்படி நடந்தது? 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்தின் மீது ஏகபோக உரிமை கொடுக்க மறுத்தது. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உரிமை. வேறு முறையில் யாரும் தயாரிக்கலாம். அந்தச் சட்டம்தான் ஏழை நாடுகளுக்கு மருந்து கொடுத்தது. அதையும் 2005ல் திருத்தி, மருந்தின் மீதே ஏகபோக உரிமை கோர இடம் கொடுத்துவிட்டார்கள்.

2004 ஏப்ரல் 1ல் இலவச எய்ட்ஸ் சிகிச்சை நாட்டில் தொடங்கியபோது, முதன்முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று நமது தாம்பரம் சானடோரியம். 1928ல் சயரோகிகளுக்காக டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய ஸ்தாபனம் அது. மருந்து இலவசம் என்றானதும் சாவு குறைந்தது. எதிர்ப்புச் சக்தி மீண்டது. நுரையீரல் பூஞ்சையும் பின்வாங்கியது. ஏழை நோயாளி பிழைப்பார், மருந்து அவர் கைக்கு வந்தால். இதற்குமேல் என்ன ருசு வேண்டும்?

விஞ்ஞானம் யாருடைய சொத்து?

“ஆராய்ச்சி செய்து மருந்து கண்டுபிடிப்பது கம்பெனிகள்தானே? லாபம் இல்லாவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள்?” இது அடுத்த வாதம். கம்பெனி ஆராய்ச்சிசாலைகள் நல்ல மருந்துகளைக் கண்டுபிடித்ததை நாம் மறுக்கவில்லை. ஆம்போடெரிசினே 1950களில் ஸ்குவிப் கம்பெனி, வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து எடுத்ததுதான். ஆனால் அதற்கு முன்னோடி எது?

1950ல் எலிசபெத் ஹேஸன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்தை உலகுக்கு அறிவித்தனர். இருவரும் நியூயார்க் மாநில சுகாதார இலாகாவின் சம்பளக்காரர்கள். ஒருவர் நியூயார்க்கிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்துகொண்டு, மண் மாதிரிகளைத் தபாலில் அனுப்பி ஆராய்ந்தார்கள். அந்த மருந்தின் உரிமைத் தொகையாக 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அவ்வளவையும் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். தங்களுக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. லாப ஆசை இல்லாமல் விஞ்ஞானம் நடக்காதா?

நமது நாட்டிலும் நடந்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் உதவ, பூனாவுக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் 1954ல் ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறைத் தொழிற்சாலை அமைந்தது. பென்சிலினை இந்த நாட்டுத் தொழிலாளர்களின் கையால் செய்தது. அத்தோடு நிற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் திருமலாச்சார் என்ற விஞ்ஞானியும் அவரது சகாக்களும் பிம்ப்ரி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஹாமைசின் என்ற பூஞ்சை மருந்தைக் கண்டார்கள். நுரையீரல் பூஞ்சைக்கு அதுவே முடிவான மருந்தாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பொதுப் பணத்தில், பொதுத் தொழிற்சாலையில், நம்மவர்கள் புது மருந்து காண முடிந்தது என்பதையே சொல்கிறோம். அந்தத் தொழிற்சாலையை என்ன செய்தார்கள்? முதலீடு இல்லாமல் பட்டினி போட்டார்கள். “நலிந்த தொழில்” என்று முத்திரை குத்தினார்கள். 2016ல் அதன் நிலத்தை விற்றுக் கடனை அடைக்க மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. ஐந்து ஆண்டு கழித்து, பூஞ்சை மருந்துக்கு நாடே அலைந்தது! விதை நெல்லை விற்றுத் தின்றவன் விதைப்புக் காலத்தில் படும் அவதி இதுதான்.

மறந்துபோன சயரோகி

கொரோனா அலை ஓய்ந்ததும் பூஞ்சையும் பத்திரிகைகளிலிருந்து மறைந்துவிட்டது. நோயாளிகள் மறையவில்லை. சயரோகம் குணமான பிறகு நுரையீரலில் பொந்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொந்தில் அஸ்பர்ஜில்லஸ் குடியேறிவிடுவது உண்டு. பிரிட்டனில் 1960களில் இப்படிப்பட்ட 544 பேரை ஆராய்ந்ததில், நாலில் ஒருவர் ரத்தத்தில் பூஞ்சையின் அடையாளம் தெரிந்தது. மறுபடி இருமல், மறுபடி ரத்தம், மறுபடி இளைப்பு. “மறுபடி டி.பி.” என்று மறுபடி அதே மாத்திரை! உலகின் சயரோகிகளில் நாலில் ஒருவர் இருக்கும் இந்த நாட்டில், எத்தனை பீடித் தொழிலாளர்கள், எத்தனை குவாரித் தொழிலாளர்கள் இப்படி இரண்டாம் முறை தவறான வைத்தியத்தில் தேய்கிறார்கள்? 2022 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. முதல் வரிசையிலேயே அஸ்பர்ஜில்லஸ் இருக்கிறது. உலகம் எச்சரித்துவிட்டது. நமது சர்க்கார் காதில் விழுந்ததா?

வேண்டுவது என்ன?

நாம் கேட்பது ஆகாயத்து நட்சத்திரங்களை அல்ல.

ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் பூஞ்சை நோயைக் கண்டறியும் சோதனைச்சாலை வேண்டும். சளியிலும் சதைத் துணுக்கிலும் பூஞ்சை நூலைக் காண, முதற்கட்டமாக ஒரு மைக்ராஸ்கோப்பும், மலிவான பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலும், பயிற்சி பெற்ற ஒரு ஆளும் போதும்.

கொழுப்புத் துகளில் பொதிந்த ஆம்போடெரிசின் உள்ளிட்ட மருந்துகள் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாக, எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். உயிர் காக்கும் மருந்தின் மீது நிரந்தரமாக வரி கூடாது.

மருந்தின் விலையை உற்பத்திச் செலவைக் கொண்டு நிர்ணயிக்கும் முறை திரும்ப வேண்டும். பொதுத்துறை மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் புத்துயிர் கொடுத்து, இந்த மருந்துகளை அங்கே உற்பத்தி செய்ய வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனையும் மருந்தும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலே மியூகருக்குப் பாதி வாசல் அடைபட்டுவிடும்.

புற்றுநோய் வார்டுக்கும் மாற்று உறுப்பு வார்டுக்கும் அருகே கட்டட வேலை நடந்தால், தூசி உள்ளே வராதபடி தடுப்பு வேண்டும். இடித்த சுவரின் தூசியோடு பூஞ்சை வித்தும் பறக்கிறது.

சயரோகம் குணமான பிறகும் இருமுகிறவரை விரட்டாமல், பூஞ்சைக்கும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தொழிற்சங்கங்களும் விவசாய சங்கங்களும் மாதர் சங்கங்களும் இந்தக் கோரிக்கைகளைக் கையில் எடுக்க வேண்டும். கூலி உயர்வுக்கு நடத்தும் போராட்டத்தைப் போலவே இதுவும் வயிற்றுப் போராட்டம்தான். ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு, பத்து வருஷம் போராடி வாங்கிய கூலி உயர்வை ஒரு வாரத்தில் விழுங்கிவிடுகிறது.

காற்றில் பறக்கும் பூஞ்சையை எந்தச் சர்க்காராலும் தடுக்க முடியாது. அதை நாம் கேட்கவும் இல்லை. அலமாரியில் பூட்டிக் கிடக்கும் மருந்தைத் திறந்துவிட முடியும். அதைத்தான் கேட்கிறோம்.